நான் மாற்றிச் சொன்ன மறுமொழி

அண்ணை,

இன்று பின்னேரம் குளியலறைக் கதவைத் திறந்ததும் உங்கள் ஞாபகம்தான் முகத்தில் அடித்தது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து, நெஞ்சுவரை வரும் இறப்பர் காற்சட்டையைக் கழற்றித் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். வீடு முழுக்கச் சேற்று மணம். தொட்டியடியில் ஓர் இரும்பாணி, அதில் நூலால் கட்டிய ஒரு பச்சைத் தண்டு. எடுத்துப் பார்த்தேன். சாதாளை, கடலடியில் வளரும் புல். அவளுடைய வகுப்பு குடாவில் சாதாளை நடுகிறதாம். தண்டை ஆணியில் கட்டிக் கடலடி மண்ணில் குத்தி விட்டால், ஆணி கறள் பிடித்து இற்றுப்போவதற்குள் வேர் ஓடிவிடுமாம்.

"கடலுக்குள்ள தோட்டம் செய்யிறியளோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

அவள் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டெனிஷில் மறுமொழி சொன்னாள். "அது இல்லாவிட்டால் சின்ன மீன் எங்கே ஒளிக்கும், அம்மப்பா?"

ஏறக்குறைய நாற்பது வருசத்துக்கு முன்னர் இதே கேள்வியை நீங்கள் இவள் வயதுப் பிள்ளைகளிடம் கேட்டீர்கள். நீங்கள் தமிழில் கேட்டதை டெனிஷுக்கு மாற்றியவன் நான். தண்ணீரை ஓடவிட்டுத் தொட்டியைக் கழுவத் தொடங்கினேன்.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. கல்லறைக்கு ஒருதரம் வந்தேன், வாய் திறக்க முடியவில்லை. மற்றவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்லியே காலம் போக்கியவனுக்குத் தன்னுடையதைச் சொல்லப் பழக்கமில்லை. எழுதினாலாவது வருகிறதா பார்க்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிநேரம் தெற்கே, குடா ஓரத்துச் சின்ன ஊர். அகதி முகாமில் நாங்கள் நாற்பது பேர்வரை இருந்தோம். நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்றபடியால் டெனிஷ் கொஞ்சம் கெதியாகப் பிடிபட்டது. கொம்யூன் என்கிற ஊர்நிர்வாகம் என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்தது. மனைவியையும் என்னையும் முகாமிலிருந்து ஒரு சிறு மாடிவீட்டுக்கு மாற்றியது. அன்றிலிருந்து என் நடையே வேறு. வைத்தியரிடம் போவதென்றாலும், பொலிசுக்குக் கடிதம் எழுதுவதென்றாலும், எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது, இப்போது மறைத்து என்ன பயன்.

நீங்கள் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் களங்கட்டி, அந்தக் கம்பு நட்டுக் கட்டும் கூட்டு வலை, போட்டுப் பிழைத்தவர். ஊரில் என்றால் நான் உங்களை 'அண்ணை' என்று கூப்பிட்டிருக்க மாட்டேன். நீங்களும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். இங்கே குளிரும் முகாமும் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்தி வைத்ததால் கூப்பிட்டேன். நீங்கள் என்னைக் கடைசிவரை 'மாஸ்டர்' என்றீர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்த பெண்ட் என்பவர் ஒருநாள் முகாமுக்கு வந்தார். ஒல்லியான, நீட்டுத் தாடிக்காரர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செவ்வாய் தோறும் குடாவில் இறக்கி, கடல் ஏன் கெட்டுப்போகிறது என்று கையால் தொட்டுப் படிக்க வைக்கப் போகிறேன், கடல் தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் உங்களைக் காட்டினேன். அந்த ஒன்றை மட்டும் நல்லதாகச் செய்திருக்கிறேன்.

முதல் நாள் பெண்ட் தன்னுடைய வளையம் வைத்த கூட்டு வலையைக் கரையில் விரித்துக் காட்டியபோது, குனிந்து கண்ணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"உது எங்கட களங்கட்டிக்குத் தம்பி முறை. சொல்லுங்கோ மாஸ்டர், எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லையெண்டு."

பிறகு என் சப்பாத்தைப் பார்த்தீர்கள். "கடலுக்குப் பக்கத்திலை பிறந்து காலே நனையாத மனுசன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

உண்மைதான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு வாங்கும். பெரிய இறப்பர் காற்சட்டைக்குள் நின்று உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கத்திக் கத்தி மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

பெண்டிடம் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. அளவுக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். நீங்கள் உங்கள் பாட்டுக்குக் காலால் அடிமண்ணைக் கிண்டி ஒரு பிடி எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் மூக்கடியிலும் பிடித்தீர்கள். கூழ்முட்டை மணம். "இந்த மணம் வந்தால் இஞ்சை மீன் நிக்காது. மூச்சுவிட ஏலாமல் போயிருக்கும்" என்றீர்கள். பெண்ட் வகுப்பில் ஒரு மாதமாகப் படிப்பித்தது அந்த ஒரு பிடி சேற்றில் விளங்கிவிட்டது என்று அவரே சொன்னார்.

வயலுக்குப் போடும் உரம் மழையோடு ஓடிவந்து கடலைக் கெடுக்கிறது என்று பெண்ட் சொன்ன அன்று, பன்றிப் பண்ணைக்காரரின் மகன் எஸ்பர் கோபித்துக்கொண்டு கரைக்கு ஏறிவிட்டான். தன் அப்பாவைக் குற்றம் சொல்கிறார்கள் என்று அவனுக்கு ஆத்திரம். நீங்கள் பின்னாலே போனீர்கள், என்னையும் இழுத்துக்கொண்டு.

"அப்பாவைப் பிழை சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. தண்ணிக்குள்ள போற உரம் அப்பாவுக்கும் நட்டம்தானே. எவ்வளவு போடுறார், எப்ப மழை வருது எண்டு அவனையே எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

அடுத்த செவ்வாய் அவன் ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தான். குற்றவாளியின் மகனாக ஏறிப் போனவன் கணக்காளனாகத் திரும்பி வந்தான் என்று பெண்ட் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

லோன என்ற பிள்ளை வாயே திறக்காது. விலாங்குபோல் நீண்ட, குட்டி போடுகிற ஒரு மீனை நீங்கள் அவளுடைய கையில் வைத்தீர்கள். வைக்கும் முன், "முதல்ல கையை நனை, பிள்ளை" என்றீர்கள். காய்ந்த கை பட்டால் மீனின் வழுவழுப்புத் தோல் போய்விடும், பிறகு அது தப்பாது. நான் மொழிபெயர்க்க முன்னமே அவள் கையை நனைத்துவிட்டாள்.

இலையுதிர் காலம் முழுக்க ஒரு வேலை நடந்தது. பிள்ளைகள் பிடித்த குஞ்சுத் தட்டைமீன் பதினான்கை, வால் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, தண்ணீரில் மிதக்கும் மரப்பெட்டியில் விட்டு வளர்த்தார்கள். செவ்வாய்க்குச் செவ்வாய் பலகையில் கிடத்தி அளப்பார்கள். சட்டப்படி பிடிக்கக்கூடிய அளவு பலகையில் சிவப்புக் கோடாகக் கீறியிருந்தது. ஒன்றும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. தொடுவதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். குளிர் இறுக முன்னர் கடைசியாக அளந்து எல்லாவற்றையும் கடலில் விடுவதாக ஏற்பாடு. பெட்டிப் பூட்டின் திறப்பு படகுக் கொட்டிலில் தொங்கும். அந்த இடம் பெண்டைத் தவிர எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

வருகிற கோடையிலிருந்து உங்களை முறையாகப் பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று பெண்ட் அதிபரிடம் கேட்டிருந்தார். அந்தச் செய்தியை உங்களுக்கு மொழிபெயர்த்தவனும் நான்தான். முகாமுக்குத் திரும்பும் வழியெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வந்தீர்கள்.

அந்த நாட்களில்தான் எங்களுக்கு மகள் பிறந்தாள். மனைவிக்குப் பால் காணவில்லை. பக்கத்தில் தாயும் இல்லை, மாமியும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி புட்டியில் மாப்பால் கொடுக்கலாம், ஒன்றும் குறையாது என்றார். இவள் அழுதாள். ஊரிலிருந்து மாமியின் கடிதம் வந்தது. பச்சைச் சின்ன மீனில் பத்தியக்கறி வைத்துக் கொடு, உள்ளி நிறையப் போடு, மூன்று நாளில் பால் வரும், ஐஸ் மீன் கூடாது. கடையிலோ தூள் பூசிப் பெட்டியில் அடைத்த மீன்தான் இருந்தது. நான் மீன் தேடிப் போன அன்று ஞாயிறு, கடையும் பூட்டு, துறைமுகத்திலும் யாரும் இல்லை.

உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்று மத்தியானமே எங்காவது தூண்டில் போட்டு அளவான மீனாகக் கொண்டுவந்து தந்திருப்பீர்கள். எத்தனையோ தரம் என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், ஏன் கேட்கவில்லை என்று. கேட்க எனக்கு மனம் வரவில்லை, அண்ணை. எல்லோரும் வந்து கேட்கிற ஆளாக இருந்து பழகிவிட்டேன். உங்கள் முன்னால், அதுவும் மீனுக்காக, கைநீட்டி நிற்க முடியவில்லை. அதைவிடத் திருடுவது சுகமாக இருந்தது. கொட்டிலுக்குப் போனேன், திறப்பை எடுத்தேன், பெட்டியிலிருந்து ஏழு மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நட்டநடுப் பகல். கை நனைக்கவும் இல்லை.

பின்னேரம் நீங்கள் பிள்ளை பார்க்க வந்தீர்கள். முகாமில் யாரோ பின்னிக் கொடுத்த மஞ்சள் தொப்பி ஒன்று கொண்டுவந்தீர்கள். மனைவி விடவில்லை, "அண்ணை சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று சோறும் கறியும் போட்டுத் தந்தாள். அவளுக்கு மீன் வந்த வழி தெரியாது. நீங்கள் கை கழுவக் குசினிக்குள் போனீர்கள். கழுவும் தொட்டியின் ஓரத்தில் மீன் சுத்தம் பண்ணிய பேப்பர் கிடந்தது, அதில் வெட்டு அடையாளத்தோடு வால்கள். நான் முன்னறையில் பிள்ளையை வைத்திருந்தேன். நீங்கள் திரும்பிவரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்து இருந்து, தட்டில் போட்டதை மிச்சம் விடாமல் சாப்பிட்டீர்கள்.

"நல்ல கறி, தங்கச்சி. பால் வரும், பயப்பிடாதேங்கோ" என்றீர்கள்.

என்னோடு அன்று அதிகம் கதைக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். ஏழுதான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு தரம், மூன்று தரம் எண்ணினார்கள். பூட்டு உடையவில்லை. எஸ்பர் உங்களைப் பார்த்தான், பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மீன் காணாமல் போனால் மீன்காரனைத்தானே பார்ப்பார்கள். அந்த நினைப்பு எஸ்பருக்கு வர முன்னமே எனக்கு வந்துவிட்டது. அது எனக்கு ஊரிலேயே ஊட்டி வளர்த்த நினைப்பு.

பெண்ட் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அவரிடம் கேளுங்கள், அவர் எடுத்தாரா என்று. எனக்குக் கோபமில்லை. முகாம் சாப்பாடு எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்கு உண்மை தெரிய வேண்டும்."

நான் அதைப் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன். நீங்கள் தண்ணீரில் நின்றபடி என்னை நேரே பார்த்தீர்கள்.

"நான் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர். எடுத்த ஆள் தானாச் சொல்லும், கொஞ்சம் பொறுத்திருங்கோ எண்டு சொல்லுங்கோ."

நீங்கள் எனக்கு வழி விட்டுத் தந்தீர்கள். இப்போது எல்லாம் தெளிவாக விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இந்த வேலை போனால் வீடு போகும், விசா விசாரணையில் இதுவும் ஒரு வரியாக ஏறும், கைக்குழந்தையோடு திரும்ப முகாம். பெண்டின் பக்கம் திரும்பி டெனிஷில் சொன்னேன்.

"அவர்தான் எடுத்தாராம். பிள்ளைகள் தன்னை மன்னிக்க வேண்டுமாம். ஒன்ஸ்கில் என்கிறார்."

ஒன்ஸ்கில் என்றால் மன்னியுங்கள். முகாமில் எல்லோரும் முதலில் பாடமாக்கும் டெனிஷ்ச் சொல் அதுதான். நீங்களும் பாடமாக்கியிருந்தீர்கள். நான் அதைச் சொன்னதும் உங்கள் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. 'நை' என்ற சொல்லும் உங்களுக்குத் தெரியும். இல்லை என்று அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே முடிந்திருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. குனிந்து கையை நனைத்து, மிச்ச மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தீர்கள். அளவு எழுத ஒரு பிள்ளையும் கிட்ட வரவில்லை. கடைசியில் லோனதான் வந்து பென்சிலை எடுத்தாள்.

அடுத்த செவ்வாய் நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. அதிபர் கோடைகால யோசனையைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை என்று பெண்ட் மனவருத்தத்தோடு சொன்னார். எனக்கும் மனவருத்தம் என்றேன். என் முகத்தில் அது எப்படி இருந்ததோ தெரியாது. உங்களுக்கு விசா கிடைத்ததும் பிராண்டே என்ற உள்நாட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். அங்கே தொழிற்சாலை வேலை, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள், வீடு வாங்கினீர்கள். பிராண்டேயிலிருந்து எந்தப் பக்கம் கார் ஓடினாலும் கடல் தெரிய ஒரு மணிநேரம் செல்லும். மீதிக் காலமெல்லாம் அங்கேயே இருந்தீர்கள்.

கலியாண வீடுகளில் கண்டால், "என்ன மாஸ்டர், எப்பிடி இருக்கிறியள்? பிள்ளை சுகமோ?" என்பீர்கள். என் மகளைத்தான் முதலில் விசாரிப்பீர்கள். அவள் வளர்ந்து, படித்து, தாயாகியும் உங்களுக்கு அவள் 'பிள்ளை'தான். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். பந்தியில் இருந்து, சாப்பிட்டு, மழையைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் கதைத்துவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் மரண வீட்டுக்கு லோன வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. அதே குடாவின் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிற வேலை அவளுக்கு. தேவாலயத்தில் பூசை முடிந்ததும், தான் சில வார்த்தைகள் சொல்லலாமா என்று கேட்டாள். ஊரிலிருந்து வந்த வயதானவர்களுக்கு டெனிஷ் விளங்காது. உங்கள் மகன் என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்கள் சொல்லுங்கோவன் தமிழிலை" என்றான். எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவள் சேற்று மணத்தைச் சொன்னாள், மரப்பெட்டியைச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதை நான் கண்டதில்லை. ஒருமுறை இவர் எங்களுடைய மீனை எடுத்துவிட்டார். பசியாக இருந்திருக்கும். அத்தனை பிள்ளைகளின் முன்னால் நின்று அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடலைப் பற்றிப் படித்ததெல்லாம் பிறகு புத்தகத்திலும் கிடைத்தது. பிழை செய்தவர் எப்படி நிமிர்ந்து நிற்பது என்பதை இவரிடம்தான் படித்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். தேவாலயம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

நான் மொழிபெயர்த்தேன், அண்ணை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக மொழிபெயர்த்ததில்லை. டெனிஷில் உங்களைக் கள்ளனாக்கியது போதாதென்று, உங்கள் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று தமிழிலும் ஆக்கினேன். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டான். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னவர் என்று பின்னால் யாரோ மெல்லச் சொன்னது கேட்டது.

தேத்தண்ணி குடிக்கிற நேரம் அக்கா என்னிடம் வந்தார். வெள்ளைச் சேலையில் இன்னும் சின்னனாகத் தெரிந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மாஸ்டர், உந்த மீன் கதை எனக்குத் தெரியும். நான் இஞ்சை வந்த வருசமே அவர் சொன்னவர். பிள்ளைக்குப் பால் காணாமல் எடுத்தது, அதைப் பெரிசாக்கக் கூடாது எண்டவர். ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

கோப்பையை மேசையில் வைத்தேன். "அப்ப ஏன் அக்கா, நான் அதிலை நிண்டு சொல்லேக்கை நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் ஏன் சொல்லோணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவர் உங்களை எப்பவும் விட்டுக்குடுக்கேல்லை. மாஸ்டர் ஒருநாளைக்குத் தானாச் சொல்லுவர் எண்டுதான் சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். இண்டைக்காவது சொல்லுவியள் எண்டு நானும் பாத்துக்கொண்டிருந்தனான்."

அதைச் சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். லோன மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாள், "நன்றாக மொழிபெயர்த்தீர்கள், நன்றி" என்றாள்.

நான் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன், அண்ணை. நன்றி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.